ஜாவா கிராமத்தில் ஒரு வயல் எத்தனை பேருக்குச் சொந்தம்?

2021 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவா மாகாணத்திலிருந்து ஒரு காணொளி பரவலாகச் சுற்றியது. தூபான் மாவட்டத்தின் சுமுர்கெனெங் என்ற விவசாயக் கிராமத்துக்குள் புத்தம்புதுக் கார்களை ஏற்றிய லாரிகள் வரிசையாக நுழைந்தன. அரசு எண்ணெய் நிறுவனமான பெர்த்தமினாவும் ரஷ்யாவின் ரோஸ்னெஃப்டும் சேர்ந்து அமைக்கத் திட்டமிட்ட சுத்திகரிப்பு ஆலைக்காக அங்கே நிலம் எடுக்கப்பட்டிருந்தது. இழப்பீடு கைக்கு வந்ததும் நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் ஊருக்குள் வந்தன. 'கோடீஸ்வரர் கிராமம்' என்று செய்திகள் பெயர் சூட்டின.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2022 ஜனவரியில், அதே பகுதியின் கிராமத்தார் திட்ட அலுவலகத்தின் முன் திரண்டு வேலை கேட்டுப் போராடினார்கள். அன்றாடச் செலவுக்கு மாடுகளை விற்றுக்கொண்டிருப்பதாகச் சிலர் செய்தியாளர்களிடம் சொன்னார்கள்.

இரண்டு செய்திகளையும் படித்த பலர் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஊதாரித்தனம். பணத்தைக் காப்பாற்றத் தெரியாத ஜனங்கள் என்று முடித்துவிட்டார்கள். அந்த விளக்கம் போதாது என்பது மட்டுமல்ல, அநியாயமானதும்கூட. ஜாவா கிராமத்தில் சொத்து எப்படி அமைந்திருக்கிறது, ஒரு வயலிலிருந்து யார் யாருக்கு என்னென்ன போகிறது என்று தெரிந்தால்தான், அந்த வயல் பணமாக மாறும்போது என்ன நடக்கிறது என்பது புரியும்.

## ஊரின் அமைப்பு

ஜாவா தீவின் பரப்பு சுமார் 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 15 கோடிக்கும் அதிகம். இந்தோனேசியாவின் மக்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு தீவில்தான். எரிமலை மண், பருவமழை, வாய்க்கால் பாசனம் மூன்றும் சேர்ந்து இத்தனை நெருக்கத்தைத் தாங்குகின்றன.

'டெசா' என்பது நிர்வாகக் கிராமம். அதற்குள் 'டூசுன்' என்ற குக்கிராமங்கள் இருக்கும். தலைவரைப் பேச்சு வழக்கில் 'லூரா' என்பார்கள். கணக்கு எழுதுபவர் 'சாரிக்'. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திருப்பிவிடுபவர் 'உலு-உலு'. சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓதுபவர் 'மோடின்'.

நிலம் நான்கு வகை.

1. சவாஹ்: நீர் தேங்கும் நன்செய். வாய்க்கால் நன்றாக இருந்தால் வருடத்தில் இரண்டு போகம் நெல், அப்புறம் சோயாவோ நிலக்கடலையோ மக்காச்சோளமோ.
2. தெகாலான்: மழையை நம்பிய புன்செய். மக்காச்சோளம், மரவள்ளி, மிளகாய்.
3. பெகாராங்கான்: வீட்டைச் சுற்றியுள்ள கொல்லை. தென்னை, வாழை, பலா, கீரை, கோழி, சில ஊர்களில் மீன் குட்டை.
4. ஊர் நிலம்: கிராமத்துக்கே சொந்தமானது. இதில் ஒரு பகுதி 'பெங்கொக்', அதாவது ஊர் அலுவலர்கள் பதவியில் இருக்கும்வரை சம்பளத்துக்குப் பதிலாக அனுபவிக்கும் மானிய நிலம்.

இந்தப் பட்டியலில் வெளியூர்க்காரர் கண்ணில் படாமல் போவது கொல்லை. பார்க்க அடர்ந்த தோப்பாக இருக்கும், கணக்கில் 'வீட்டுமனை' என்று ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும். ஆனால் வயலே இல்லாத குடும்பங்களுக்குக் கறிக்கும் விறகுக்கும் கைச்செலவுக்கும் அதுதான் ஆதாரம். அவசரத்துக்கு ஒரு தார் வாழை, பண்டிகைக்கு ஒரு கோழி, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நாலு தேங்காய்க் குலை என்று சிறுகச் சிறுக எடுக்கலாம்.

மானிய நிலத்தின் கதை வேறு. நல்ல நீர்வளமுள்ள பல கிராமங்களில் தலைவருக்கு வரும் பெங்கொக், ஊரின் பெரும்பாலான விவசாயிகளின் நிலத்தைவிடப் பல மடங்கு பெரியது. தலைவர் தேர்தலில் வேட்பாளர்கள் ஏன் இவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம். 2014இல் வந்த கிராமச் சட்டத்தின் முதல் விதிகள், பெங்கொக் வருமானம் கிராமத்தின் பொதுக் கணக்கில் சேர வேண்டும் என்றன. ஜாவாவின் கிராம அலுவலர்கள் கொதித்தெழுந்தார்கள். 2015இல் விதி திருத்தப்பட்டு, அந்த வருமானம் அவர்களுக்குக் கூடுதல் படியாகத் திரும்பியது. 2024இல் வந்த திருத்தம் தலைவரின் பதவிக்காலத்தை 6 வருடத்திலிருந்து 8 வருடமாக நீட்டியது. மத்திய அரசு கிராமங்களுக்கு நேரடியாக நிதி அனுப்பத் தொடங்கியதும் இந்த 2014 சட்டத்தின்படிதான். ஆக, பதவி என்பதும் இங்கே ஒரு சொத்து.

## நிலத்தை வைத்து மனிதர்களை வரிசைப்படுத்தியது

ஜாவா கிராமம் என்றாலே சமத்துவமான, ஒன்றுபட்ட கூட்டம் என்று ஒரு படம் வெகுகாலம் பரவியிருந்தது. பழைய வரிப் பதிவுகளைப் பார்த்தால் அந்தப் படம் நிற்காது. ஊரில் எப்போதும் படிநிலை உண்டு. வயல், கொல்லை, வீடு மூன்றும் உள்ள மூலக் குடும்பங்கள் மேலே. இவர்களுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் 'கோகோல்', 'சிகெப்', 'கூலி கென்செங்' என்று பெயர். வீடும் கொல்லையும் மட்டும் உள்ளவர்கள் அடுத்த படி. பிறர் கொல்லையில் குடிசை போட்டுக்கொண்டவர்கள் அதற்கும் கீழே. எதுவுமில்லாமல் இன்னொருவர் வீட்டில் தங்கி உழைப்பவர்கள் கடைசி.

காலனி ஆட்சி இந்த வரிசையை மூன்று முறை அசைத்தது.

முதலாவது, 1811 முதல் 1816 வரையிலான ஆங்கிலேயர் ஆட்சி. ஜாவாவை ஆண்ட துணை ஆளுநர் ராஃபிள்ஸ் 1813இல் நிலவரி முறையைக் கொண்டுவந்தார். மண்ணுக்கு அரசே உடைமையாளர், உழுபவர் அரசுக்கு வாடகை கட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதற்குப் பின்னால், உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி அனுபவம் இருந்தது. தென்னிந்தியாவில் நிலம் அளந்தவரும் சுவடிகள் சேகரித்தவருமான காலின் மெக்கன்சியே படையோடு ஜாவா போய், அங்கே நில உரிமைகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆளுக்கு ஆள் வரி விதிக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஒவ்வொரு துண்டையும் அளக்க ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. கடைசியில் வரி மொத்தமாக ஊர் மேல் விழுந்தது, அதைப் பங்கு பிரிக்கும் அதிகாரம் ஊர்த் தலைவர் கையில் விழுந்தது.

இரண்டாவது, டச்சுக்காரர்கள் 1830இல் தொடங்கிய கட்டாயப் பயிர் முறை. கரும்பு, காப்பி, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிருக்குக் கிராமம் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. நடைமுறையில் பல இடங்களில் அதற்கும் மேல் போனது. நிலம் வைத்திருப்பவருக்கே கட்டாய உழைப்பும் என்பதால், சுமையைப் பரவலாக்க ஊர் நிலத்தைத் துண்டாக்கிக் கூடுதல் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆதியிலிருந்தே வந்த கூட்டுடைமை என்று பின்னாளில் சிலர் வியந்ததில் ஒரு பகுதி, இப்படி வரிக்காரர் நெருக்கியதால் உருவானது.

மூன்றாவது, 1870 விவசாயச் சட்டம். தனக்குச் சொந்தம் என்று யாராலும் நிரூபிக்க முடியாத நிலமெல்லாம் அரசுடையது என்று அதையொட்டிய அறிவிப்பு சொன்னது. தோட்ட முதலாளிகளுக்கு நீண்டகாலக் குத்தகை கொடுக்க வழி திறந்தது. தேக்குக் காடுகள் அதற்கு முன்பே அரசின் பிடியில் போயிருந்தன. 2022 வரை ஜாவாவில் சுமார் 24 லட்சம் ஹெக்டேர் காட்டு நிலம் பெர்ஹுத்தானி என்ற அரசு நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தது. ப்ளோரா பகுதியில் 1890 வாக்கில் சமின் சுரோசென்டிகோ என்ற விவசாயி தொடங்கிய இயக்கம் வரி கட்ட மறுத்ததும், மரம் வெட்ட அனுமதி கேட்க மறுத்ததும் இந்தப் பின்னணியில்தான். அவரை 1907இல் நாடு கடத்தினார்கள். அவர் வழி வந்தவர்கள் இன்றும் வடக்கு ஜாவாவில் வாழ்கிறார்கள்.

## ஒரே வயலில் ஐந்து பேர்

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். கால் ஹெக்டேர் சவாஹ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 62 சென்ட். அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலமுள்ள விவசாயக் குடும்பங்கள் இந்தோனேசியாவில் 2013 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.42 கோடி, 2023 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.69 கோடி. ஆகவே கால் ஹெக்டேர் என்பது அங்கே சர்வ சாதாரணமான அளவு.

அந்த வயலின் மேல் ஐந்து வகை உரிமை இருக்கலாம்.

1. உடைமையாளர். பத்திரத்தில் பெயர் இருப்பவர். பல சமயம் ஊரிலேயே இருக்க மாட்டார். ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ நகரத்தில் இருப்பார். விவசாய நிலத்தின் உடைமையாளர் அதே வட்டத்தில் குடியிருக்க வேண்டும் என்று 1961 விதி ஒன்று உண்டு. அரசு ஊழியர்களுக்கு அதில் விலக்கும் உண்டு. மற்றவர்கள் உறவினர் பெயரில் வாங்கிச் சமாளிக்கிறார்கள்.

2. ஒத்திக்காரர். உடைமையாளருக்குப் பணம் தேவைப்பட்டபோது கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை வயலை அனுபவிப்பவர். 1960இன் சட்டம் ஒன்று, ஏழு வருடம் அனுபவித்துவிட்டால் பணம் வாங்காமலே நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அறுவடை வருமானத்திலேயே கடன் தீர்ந்துவிட்டது என்பது அதன் கணக்கு. நல்ல சட்டம், ஆனால் பெரும்பாலான ஒத்திகள் சாட்சி கையெழுத்தோடு வாய்வார்த்தையாக நடப்பதால் நீதிமன்றம்வரை போவது அபூர்வம்.

3. குத்தகைக்காரர். ஒரு வருடத்துக்கோ சில போகங்களுக்கோ முன்பணம் கட்டி எடுப்பவர். கரும்பு ஆலைப் பகுதிகளில் இது அதிகம்.

4. வாரதாரர். உழைப்பைப் போட்டு விளைச்சலில் பங்கு எடுப்பவர். பாதிக்குப் பாதி என்றால் 'மாரோ'. மூன்றில் ஒன்று என்றால் 'மெர்தெலு'. விதையும் உரமும் யார் செலவு என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். 1960இன் விளைச்சல் பங்கீட்டுச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. எழுதிக்கொள்பவர்கள் வெகு சிலரே.

5. அறுவடைப் பங்குக்காரர். அறுத்த நெல்லில் ஒரு பகுதியைக் கூலியாகப் பெறுபவர். இதற்கு 'பாவோன்' என்று பெயர். ஆறில் ஒன்று முதல் பத்தில் ஒன்றுக்கும் கீழே வரை ஊருக்கு ஊர் மாறும்.

மேலே உள்ள ஐந்தில் முதல் நான்கில் யாராவது ஒருவர் சாகுபடியை நடத்துவார். ஐந்தாவது ஆள் பெரும்பாலும் இருப்பார்.

இப்போது கணக்குப் போடலாம். கால் ஹெக்டேரில் ஒரு போகத்துக்கு ஒன்றரை டன் ஈரநெல் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் அரசு அறிவித்த கொள்முதல் விலை கிலோ 6,500 ருப்பியா. மொத்தம் 97.5 லட்சம் ருப்பியா, அதாவது சுமார் ஐம்பதாயிரம் இந்திய ரூபாய். இதில் எட்டில் ஒன்று பாவோனாகப் போனால் 12 லட்சம் ருப்பியா அறுவடை செய்த பெண்களின் வீடுகளுக்குப் போகிறது. மிச்சத்தை உடைமையாளரும் வாரதாரரும் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 43 லட்சத்துக்கு அருகில். உரம், டிராக்டர் வாடகை, மருந்து எல்லாம் இதிலிருந்து கழிய வேண்டும். நான்கு மாத உழைப்புக்குக் கையில் நிற்பது சொற்பம்தான். இருந்தாலும் அந்தச் சொற்பம் மூன்று நான்கு அடுப்புகளுக்குப் பிரிந்து போகிறது.

பாவோன் முறை முன்பு இன்னும் விரிவாக இருந்தது. 'அனி-அனி' என்ற உள்ளங்கைக் கத்தியால் கதிரை ஒவ்வொன்றாகக் கொய்வது பெண்களின் வேலை. வயலில் அறுவடை என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் யார் வந்தாலும் தடுப்பது மரபல்ல. 1960களின் இறுதியிலிருந்து ஐஆர் வகைக் குட்டை நெல்கள் வந்தன, அரிவாள் வந்தது. விளைந்து நிற்கும் பயிரையே வியாபாரிக்கு மொத்தமாக விற்கும் 'தெபாசான்' பரவியது. வியாபாரி தன் ஆட்களை வெளியூரிலிருந்து கூட்டி வருவார். ஊர்ப் பெண்களைத் திருப்பி அனுப்பும் சங்கடம் உடைமையாளருக்கு இல்லை. கையால் நெல் குத்தி அரிசி பெற்ற பெண்களின் வருமானத்தை அதே காலத்தில் வந்த ரைஸ் மில்கள் எடுத்துக்கொண்டன. இன்று சமவெளிகளில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. அதன் பின்னால் சிந்திய கதிர் பொறுக்கும் வயதான பெண்களை இன்னும் பார்க்கலாம்.

இந்த இழப்புக்கு எதிராக ஏழைகள் கண்டுபிடித்த ஒரு தந்திரம் 'கெடோக்கான்'. நாற்று நடுவதையும் களை எடுப்பதையும் கூலி வாங்காமல் செய்துவிட்டு, அதற்கு ஈடாக அந்தத் துண்டின் அறுவடை தனக்கே என்று முன்பதிவு செய்துகொள்வது. இலவச உழைப்பைக் கறக்கும் முறை என்று இதை விமர்சிப்பவர்கள் உண்டு. விமர்சனம் சரிதான். ஆனால் அந்த உழைப்பால் அவர் வாங்குவது அந்த வயலின் மேல் ஓர் உரிமை, எங்கும் பதிவாகாத உரிமை.

## நிலத்துக்கு வெளியே இருக்கும் சொத்து

மர வீடு தனிச் சொத்து, மனை தனிச் சொத்து. ஜாவாவின் பழைய 'ஜோக்லோ', 'லிமாசான்' வகைத் தேக்கு வீடுகளில் ஆணி இல்லாமல் மரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பார்கள், பிரித்து இன்னொரு இடத்தில் நிறுத்தலாம். கடன் முற்றினால் நிலத்தை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கிறார்கள். வாங்குவது பழம்பொருள் வியாபாரிகளும் விடுதிக்காரர்களும். நிற்கும் மரத்தையும் அப்படித்தான் தனியாக விற்பார்கள். கொல்லையில் வளரும் தேக்கும் செங்கோன் மரமும் கல்யாணச் செலவுக்கான சேமிப்பு.

மாடும் ஆடும் அடுத்த சேமிப்பு. வாங்கப் பணம் இல்லாதவர் 'காடுஹான்' முறையில் இன்னொருவரின் மாட்டைப் பங்கு பேசி வளர்ப்பார். பிறக்கும் கன்றிலோ விற்ற லாபத்திலோ பங்கு. புல் அறுக்க வரப்பும் காட்டோரமும் வேண்டும். வயல் போனால் வரப்பும் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகை இருக்கிறது, மோட்டார் பைக் இருக்கிறது. இரண்டையும் 1901இல் தொடங்கிய அரசு அடகுக் கடையான பெகாடாயானில் வைக்கலாம். வெளிநாட்டுப் பணமும் பெரிய பங்கு வகிக்கிறது. பொனோரோகோ, தூலுங்காகுங், சிலாசாப், இந்த்ராமாயு போன்ற மாவட்டங்களிலிருந்து ஹாங்காங், தைவான், மலேசியா போன பெண்கள் வீட்டு வேலை செய்து அனுப்பும் பணத்தில் ஓடு பதித்த வீடுகள் எழுகின்றன. சிலர் வயலும் வாங்குகிறார்கள்.

அப்புறம் கணக்கில் வராத ஒன்று: பரஸ்பரக் கடமை. பிறப்பு, கல்யாணம், சாவு என்று ஒவ்வொன்றுக்கும் அண்டை வீட்டார் கூடி உண்ணும் 'ஸ்லாமெத்தான்', மாதச் சீட்டான 'அரிசான்', இரவுக் காவல் சுற்றுபவர்கள் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துப் பொதுப் பெட்டியில் சேர்க்கும் 'ஜிம்பித்தான்', வீடு கட்ட ஊரே வந்து கைகொடுக்கும் 'சம்பாதான்'. ஒருவர் கல்யாணத்துக்கு எவ்வளவு அரிசியும் சர்க்கரையும் வந்தது என்று நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வார்கள். பக்கத்தில் குடியிருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும்.

## பிள்ளைகளுக்குப் போகும்போது

ஜாவாவில் பெண் தன் பெயரிலேயே நிலம் வைத்திருப்பது பழைய வழக்கம். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற வழியும் உண்டு. எல்லாருக்கும் சமம் என்ற வழியும் உண்டு. எது என்பது பெரும்பாலும் குடும்பக் கூட்டத்தில் பேசித் தீரும். கணவனும் மனைவியும் கொண்டுவந்தது அவரவருக்கு. மணவாழ்வில் சேர்த்தது 'கோனோ-கினி', விவாகரத்தில் பாதிப் பாதி. 1991இன் இஸ்லாமியச் சட்டத் தொகுப்பும் இதை ஏற்கிறது. கடைசிவரை பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பல வீடுகளில் இளைய மகளுக்கு, வீடு போகும்.

நீதியான முறைதான், ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறுக்கிறது. 1960இன் சட்டம் ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் கிடைக்க அரசு முயல வேண்டும் என்றது, நெருக்கமான பகுதிகளில் 5 ஹெக்டேர் நன்செய் என்று உச்சவரம்பும் வைத்தது. அதை அமல்படுத்தக் கோரி 1963 முதல் இடதுசாரி விவசாயச் சங்கங்கள் நிலத்தில் இறங்கின. 1965-66இல் நடந்த படுகொலைகளில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். நிலத்தைப் பற்றி உரக்கப் பேசுவதே ஆபத்து என்ற பயம் கிராமங்களில் அடுத்த முப்பது வருடம் நீடித்தது. இன்றைய ஜாவாவில் நிலச் சீர்திருத்தம் ஏன் நின்றுபோனது என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

## காகிதம்

பல தலைமுறைகளாக ஊரில் நிலத்துக்குச் சான்று வரிப் பதிவுதான். கிராம அலுவலகத்தில் இருக்கும் தடித்த பேரேடு 'லெட்டர் சி'. அதிலிருந்து விவசாயிக்குக் கிடைக்கும் சீட்டு 'பெத்தோக்' அல்லது 'கிரிக்'. வரி கட்டியதற்கான ஆதாரம் அது, உடைமைக்கான பத்திரம் அல்ல. ஆனால் ஊரில் எல்லாரும் அதை வைத்தே விற்றார்கள், வாங்கினார்கள், பிரித்தார்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் கிரிக்கில் பேரப்பிள்ளைகள் பதினைந்து பேர் பங்கு வைத்திருப்பது சாதாரணம்.

அரசு தரும் முழு உடைமைப் பத்திரம் 'செர்ட்டிஃபிகாட்'. 2017 முதல் கிராமம் கிராமமாக அளந்து பத்திரம் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. நாடு முழுக்கச் சுமார் 12.6 கோடி துண்டுகள் இலக்கு. ஜாவாவிலும் பாலியிலும் ஊரளவில் வசூலிக்க அனுமதித்த கட்டணம் 1.5 லட்சம் ருப்பியா. 2021இன் அரசு விதி ஒன்று, பழைய வகைக் காகிதங்களை ஐந்து வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி 2. அதற்குப் பின் கிரிக் உரிமைச் சான்றாகாது, தகவல் குறிப்பாக மட்டும் நிற்கும். உடனே நிலம் பறிபோகும் என்று பரவிய வதந்தி தவறு. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை விசாரித்துப் பதிவு செய்யும் வழி தொடர்கிறது. ஆனால் பழைய சீட்டை மட்டும் காட்டி வாதாடுபவரின் நிலை பலவீனமாகிவிடுகிறது.

நிலத்துக்கும் வரிச் சீட்டுக்கும் இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் வரியைத் தொட்டால் ஊர் கொந்தளிக்கிறது. 2025இல் மத்திய ஜாவாவின் பாத்தி மாவட்டத்தில் நில, கட்டட வரியை 250 சதவீதம்வரை உயர்த்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் உயர்வு ரத்தானது. அப்படியும் ஆகஸ்ட் 13 அன்று பெருங்கூட்டம் மாவட்டத் தலைநகரில் திரண்டது.

பத்திரத்தால் வங்கிக் கடன் எளிதாகிறது, தாவா குறைகிறது. இதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே பார்த்த ஐந்து வகை உரிமைகளில் முதலாவதான உடைமையாளரின் உரிமைக்கு மட்டுமே பத்திரத்தில் இடம். வாரதாரரின் பெயரோ கெடோக்கான் பெண்ணின் பெயரோ அதில் வராது.

## திட்டம் வரும்போது

பொது நலனுக்காக நிலம் எடுப்பதை 2012இன் 2ஆம் எண் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. நடைமுறை சுருக்கமாக:

1. மாகாண ஆளுநர் இடத்தை நிர்ணயித்து ஆணை தருவார்.
2. நிலப் பதிவு அலுவலகம் யார் யாருக்கு என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கும்.
3. மதிப்பீட்டாளர் நிலம், கட்டடம், பயிர் ஆகியவற்றுக்கு விலை போடுவார்.
4. உரிமையாளரோடு பேச்சு நடக்கும். மறுப்பவர் 14 வேலை நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம்.
5. அதற்குப் பிறகும் வாங்க மறுத்தால் பணம் மாவட்ட நீதிமன்றத்தில் கட்டப்படும். கட்டியதும் நிலத்தின் மேலான உரிமை அற்றுவிடும்.

ஐந்தாவது படி முக்கியம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை விலையைப் பற்றிய வாதமாகச் சுருங்கிவிடுகிறது. 2022 பிப்ரவரி 8 அன்று மத்திய ஜாவாவின் வாடாஸ் கிராமத்தில் நடந்ததன் வேர் இங்கே இருக்கிறது. பெனெர் அணைக்குக் கல் எடுக்க அந்த ஊர் மலையை அளக்க வந்த குழுவோடு பெரும் போலீஸ் படை நுழைந்தது, அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துப்போய் மறுநாள் விட்டது. ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். அணை பொதுத் திட்டம்தான், கல் குவாரி எப்படிப் பொதுத் திட்டமாகும் என்று ஊரார் கேட்டார்கள். டுரியானும் பனைவெல்லத்துக்கான அரேன் மரமும் தலைமுறைகளாகச் சோறு போடுகின்றன என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

சுமுர்கெனெங்கில் என்ன நடந்தது என்று இப்போது பார்க்கலாம். சிலர் கடைசிவரை மறுத்து, நீதிமன்றத்தில் கட்டிய பணத்தைத்தான் போய் வாங்கினார்கள். நல்ல விலைதான். ஆனால் பெருந்தொகை ஒரே நேரத்தில் ஒரு வட்டாரத்துக்குள் வந்தால், விற்றவர்கள் எல்லாரும் பக்கத்திலேயே மாற்று நிலம் தேடுவார்கள், நில விலை ஏறும். காரை வாங்குவது அன்று மாலையே முடியும். அதே தரத்தில் ஒரு வயலை வாங்க விற்பவர் வேண்டும், தண்ணீர் முறை வேண்டும், வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்து வேண்டும். அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கும், வாரதாரருக்கும், வரப்பில் புல் அறுத்தவருக்கும் நிலத்தின் விலையில் பங்கு இல்லை. பயிர் வைத்தவர் என்று பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் பயிரின் விலை மட்டும் வரும். கார் வாங்கியவர்களும் வேலை கேட்டுத் திரண்டவர்களும் முழுக்க ஒரே ஆட்கள் என்று நினைத்தால்தான் அந்த இரண்டு செய்திகளும் வேடிக்கையாகத் தெரியும்.

அதே 2012 சட்டம் இழப்பீட்டுக்கு ஐந்து வடிவங்களைச் சொல்கிறது: பணம், மாற்று நிலம், குடியமர்த்தல், பங்குரிமை, இருதரப்பும் ஒப்பும் வேறு வழி. நடைமுறையில் பணமே பெரும்பான்மை. காரணம் அதிகாரிகளுக்கு அது எளிது, கணக்கு அன்றே முடியும். ஆனால் கிராமத்தின் பொது நிலத்தை எடுத்தால் மட்டும் நிலமாகவோ கட்டடமாகவோ இடமாற்றமாகவோ ஈடு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் விதிக்கிறது. பணமாகக் கொடுத்தால் ஊர்ச் சொத்து கரைந்துவிடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தனியாரின் வயலுக்கும் மாற்று நிலம் முதலில், பணம் அப்புறம் என்று வைத்தால் உடைமையாளருக்கு வயல் மிஞ்சும். வாரதாரர் புதிய இடத்திலும் அவரிடம் போய்க் கேட்க முடியும். 2022 ஜனவரியில் சுத்திகரிப்பு ஆலைத் திட்ட அலுவலகத்தின் முன் நின்றவர்கள் கேட்ட வேலை, வயல் இருந்தவரை அவர்கள் யாரிடமும் போய்க் கேட்கத் தேவைப்படாத வேலை.